டயருக்கு ஒரு சட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் வீட்டுக்காரி சொல்லிவிடுவாள். தொழில் வாழைக்குலை வியாபாரம். காட்டாக்கடைச் சந்தையிலும் பெருங்கடவிளையிலும் ஏத்தன் குலையும் செந்துளுவன் குலையும் எடுத்து, எல்லை தாண்டி மார்த்தாண்டத்துக் கடைகளில் கொண்டு இறக்குவேன். ஓட்டுவது ஒரு பிக்கப். வீடு கேரளத்தில், குளத்தூர்ப் பக்கம். வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும்.

புது நாலுவழிச் சாலை வந்தபோது எங்கள் ஊரில் என்னைப்போலச் சந்தோஷப்பட்டவன் கிடையாது. அதற்கு முன்னால் பாறசாலை நெரிசலில் ஒரு முக்கால் மணி நேரம் நிற்பேன். பின்னால் குலை வெயிலில் கிடந்து கறுக்கும், முன்னால் நான் கறுப்பேன். புதுச் சாலையில் அந்தத் தூரம் காற்றாகப் போயிற்று. ஆகா, வந்தாச்சு நல்ல காலம் என்று இருந்தேன். அப்போதுதான் டோல் போட்டார்கள்.

டோலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். இந்த ஜில்லாவில் பதிவு செய்த வண்டிக்குப் பாதிக் காசு. நான் தலையை வெளியே நீட்டி, "நான் இந்த ஊருக்காரனாக்கும், பாதி எடுத்தாப் போதும்" என்றேன். உள்ளே இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "சேட்டா, வண்டி தமிழ்நாடு" என்றான். உண்மைதான். வண்டி மச்சான் பேரில், மார்த்தாண்டம் நம்பர். வாங்கின சமயத்தில் அங்கே கடன் சீக்கிரம் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். எங்கள் பக்கம் ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் இப்படி ஒரு வண்டி நிற்கும். ஆள் கேரளம், வண்டி தமிழ்நாடு. மாறியும் உண்டு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எலே, வண்டி வாங்கும்போ வரி கெட்டினேன். டீசல் அடிக்கும்போ வரி கெட்டுதேன். இனி டயரு உருண்டாலும் காசா? அப்போ நான் மூச்சு விடுததுக்கும் இஞ்ச ஒரு கவுண்டர் வையுங்கலே!" பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. அந்தப் பையன் கோபப்படவே இல்லை. "சேட்டன் பறயுந்நது சரியா. பக்ஷே பைசா தரணம்" என்றான். நான் சொல்வது சரியாம், ஆனாலும் காசு தர வேண்டுமாம்! கோபப்படாதவனிடம் எப்படிச் சண்டை போடுவது? கொடுத்துவிட்டு வந்தேன். வழி முழுக்க வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் டோலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியைத் திருப்பினேன். அங்கே ஒரு சின்ன வழி உண்டு. இரண்டு வளைவு, ரப்பர் மரம் நிற்கும் ஒரு விளை, ஒரு குளக்கரை, அப்புறம் டோலைத் தாண்டிய இடத்தில் மறுபடியும் சாலையில் ஏறிவிடலாம். கண்டுபிடித்தது நான்தான். கண்டுபிடித்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் காட்டாக்கடையில் சாயா குடிக்கும்போது நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் பிக்கப், மினி லாரி, கடைசியில் சாலை வேலைக்கு ஜல்லி கொண்டுபோகும் டிப்பர் எல்லாம் அந்த வழியே போக ஆரம்பித்துவிட்டன.

அந்த வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் அது ஓர் ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதை. வளைவில் ஓர் அக்காவின் வீடு. எனக்குச் சொந்தமில்லை. ஊரில் எல்லாரும் அக்கா என்பார்கள், நானும் அக்கா என்பேன். அவருடைய வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்த அன்று வண்டி உள்ளே வரவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனார்கள். ரோட்டைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் சடங்கு கழிந்த மறுநாள் அக்கா ஆள் விட்டுத் தன் மதிலை இடித்தார். மூன்றடி இடத்தை வழிக்கு விட்டார். முன்னால் நின்ற பெரிய அயினி மரத்தையும் வெட்டச் சொன்னார். யாரும் ஒரு பைசா கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் வழிக்கு இடம் விடுவது இப்படித்தான். ஒருவர் மதிலை இடித்தால் எதிர்வீட்டுக்காரர் வெட்கத்துக்காகவாவது தன்னுடையதை இடித்தாக வேண்டும். அப்படி வழி நெடுக இடிந்து, அகலமாகி, பஞ்சாயத்து தார் போட்டது.

அந்தத் தாரைத்தான் நாங்கள் கிழித்தோம். ஜூனில் இடவப்பாதி மழை இறங்கியதும் முதலில் சல்லடை, பிறகு குழி, பிறகு குளம். அக்காவின் வீட்டு வளைவில் வாத்து வளர்க்கலாம்.

ஊர்க்காரர்கள் வாசகசாலையில் கூடினார்கள். நானும் போனேன், கூட்டம் என்றால் எனக்குக் கை அரிக்கும். வார்டு மெம்பர் ஒரு பெண், நேர்மையான ஆள். "பஞ்சாயத்துப் பணம் அடுத்த வருஷப் பிளானில்தான் வரும். அது வரைக்கும் குழி அடைக்க நாமதான் ஏதாவது போடணும்" என்றார். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே அளவாக வைக்கலாம் என்றார் ஒருவர். ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் தம்பி எழுந்து, "அது எப்படி? வண்டியே இல்லாத வீடும், ரெண்டு காரு நிக்குத வீடும் ஒண்ணா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. வண்டிக்கு இவ்வளவு என்று முடிவானது. அந்தத் தம்பியையே நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வண்டி நம்பரை எழுதச் சொன்னார்கள்.

எழுதினான். கேரள நம்பரை மட்டும் எழுதினான்! தமிழ்நாட்டு நம்பர் என்றால் வெளியூர் வண்டி, விருந்துக்கு வந்தது என்று விட்டுவிட்டான். எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் தவிர வேறே எங்கே போனாலும் இப்படி ஒரு தப்பு நடக்காது. பாதி ஊர் வண்டி லிஸ்டில் இல்லை. என் பிக்கப்பும் இல்லை. ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் ஓட்டிய ஸ்கூட்டர், எஞ்சின் துருப்பிடித்து, இருக்கையில் கோழி முட்டையிட்டுக் கிடந்தது, அது லிஸ்டில் உண்டு. கேரள நம்பர் அல்லவா! அக்கா அந்த ஓடாத ஸ்கூட்டருக்கும் காசை எண்ணிக் கொடுத்தார்.

எனக்கு அது தெரியும். லிஸ்டை வாசித்தபோது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். டோலில் என் நம்பருக்காகச் சாமி வந்தவன்போல ஆடினவன், வாசகசாலையில் அதே நம்பருக்குப் பின்னால் பூனையாக ஒளிந்துகொண்டேன். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வசூலான காசில் ஒரு வண்டி மண் வந்தது. இரண்டு மழையில் அதுவும் குளத்துக்குப் போய்விட்டது.

அக்காவுக்கு ஒரே மகள். நர்சிங் கடைசி வருஷம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது கால்முட்டு நொறுங்கி, ஆபரேஷன் ஆகி வீட்டில் இருந்தாள். வாரம் மூன்று நாள் நெய்யாற்றின்கரைக்குப் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். முட்டு மடக்காமல் விட்டால் அப்படியே விறைத்துப் போகும், பிறகு யார் பிடித்தாலும் மடங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விறைத்த காலோடு வார்டில் யார் வேலை கொடுப்பார்கள்? இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அந்த வழியில் தினமும் இரண்டு தடவை போகிறவனுக்கு, வளைவு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஒருநாள் காலை நல்ல மழை பெய்து விட்டிருந்தது. மார்த்தாண்டத்துக் கடைக்காரன் போனில் கத்திக்கொண்டிருந்தான், நான் மிதித்துக்கொண்டு வந்தேன். வளைவில் திரும்பியதும் எதிரே இரண்டு பேர். அந்தப் பிள்ளை வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி நீட்டி வைத்து நடக்கிறாள். அக்கா குடையும் பையுமாகப் பின்னால். நான் பிரேக் பிடித்தேன், வண்டி குழியில் இறங்கியது. அவ்வளவு சேற்றுத் தண்ணீரும் அவர்கள் மேலே போனது. தலையிலிருந்து கால் வரை. பிள்ளை சாயப் போனாள், அக்கா குடையை எறிந்துவிட்டுப் பிடித்தார்.

நான் குதித்து இறங்கினேன்.

"எலே, ஒனக்க கண்ணு பின்னால பொடதியிலயா இருக்கு?" என்றார் அக்கா.

"சாரி அக்கா, குழி தெரியல்ல…"

"சாரி கொண்டு குழி அடையுமாலே? ஆட்டோக்காரன் இந்தக் குழிக்குள்ள வரமாட்டான்னு சொல்லியாச்சு. மெயின் ரோடு வரைக்கும் இவ நடக்கணும். போன வாரம் ரெண்டு நாள் மழையில போவவே இல்ல. இவளுக்க முட்டு விறைச்சுப் போச்சுன்னா நீ வந்து மடக்குவியா?"

பிள்ளை, "விடும்மா, மாமன் வேணும்னேவா செய்தாரு?" என்று சொல்லிக்கொண்டே முகத்துச் சேற்றைத் துடைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்திருக்கும். இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் விட்டேன். மார்த்தாண்டத்துக்காரன் எத்தனை தடவை கூப்பிட்டானோ, நான் போனை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். டோலுக்குக் கொடுக்காமல் தப்பித்ததையெல்லாம் உத்தேசமாக ஒரு கவரில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அக்கா கவரைத் தொடவே இல்லை.

"பைசா எனக்கு வேண்டாம். ஒனக்க வண்டி பொளிச்ச குழிய ஒனக்க வண்டியே அடைக்கட்டு."

மறுநாள் குலைக்குப் பதிலாக ஒரு லோடு ஜல்லியும் பாறைப்பொடியும் எடுத்து வந்தேன். எங்கே இறக்குவது? எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் எங்கே இறக்குவார்களோ அங்கேதான். நடு ரோட்டில், முக்கால் பாகத்தை அடைத்து. ஜல்லி கிடந்தால் போகிறவன் ஒதுங்கிப் போவான், வீடு பணி என்று நினைப்பான், ஒரு வார்த்தை கேட்கமாட்டான். நானும் யோசிக்காமல் அக்காவின் வாசலுக்கு நேரே கொட்டிவிட்டேன். ஓர் இரும்புச் சட்டியும் மம்பட்டியும் எடுத்துக் குழியை அடைக்கத் தொடங்கினேன். பத்துச் சட்டி போட்டிருப்பேன், வந்து நின்றது ஒரு டிப்பர். வழி போதவில்லை. டிரைவர் இறங்கினான். வண்டியும் அவனுடையதுதான், சொந்த டிப்பர்.

"வீடு பணியா, சேச்சி?" என்று அக்காவிடம் கேட்டான்.

"வீடு பணி இல்ல, வழி பணியாக்கும்" என்றார் அக்கா. "நீயும் ஒரு கை பிடி. ஜல்லிக் கூம்பாரம் கொறஞ்சா ஒனக்கு வழி கெடைக்கும்."

"நான் எத்தனை சட்டி போடணும்?" அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

நான் உடனே மூக்கை நுழைத்தேன். "இந்த ஊரு வண்டியா, வெளியூரா? நம்பரு என்ன?" பழக்கதோஷம்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓடாத ஸ்கூட்டருக்குக் காசு கொடுத்த பார்வை அது. "நம்பரப் பாக்காத மக்கா, டயர எண்ணு. டயருக்கு ஒரு சட்டி."

எண்ணினோம். பத்து டயர். அவன் முணுமுணுத்துக்கொண்டே பத்துச் சட்டி அள்ளிக் குழியில் போட்டான். வியர்த்து ஒழுகியது. அதற்குள் ஜல்லிக் குவியலும் குறைந்து, வண்டி நூல் பிடித்தாற்போல நுழைந்து போனது. போகும்போது அதன் பத்து டயரும் ஏறி, போட்ட ஜல்லியை அழுத்திக் கொடுத்துவிட்டுப் போனது. அட, ரோடு ரோலர் வாடகையும் மிச்சம்!

அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஜல்லி தீர்ந்தால் அந்தக் கவர்க் காசில் நான் இன்னொரு லோடு இறக்குவேன். ஆட்டோவுக்கு மூன்று சட்டி, பிக்கப்புக்கு நாலு. பைக்குக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு ரெண்டு சட்டிதானே என்று போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி இரண்டு கைப்பிடி போட்டுவிட்டு, தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள்போல நெஞ்சை நிமிர்த்திப் போனார்கள். அவசரம் என்று சொன்னவர்களை அக்கா தடுக்கவில்லை. "செரி, போயிட்டு வாறப்போ போடு" என்பார். திரும்பி வந்து போட்டவர்கள்தான் அதிகம், நான் பார்த்திருக்கிறேன். டிப்பர்க்காரர்கள் நாலைந்து நாள் அள்ளிப் பார்த்துவிட்டு, இதுக்கு டோலே மேல் என்று நாலுவழிச் சாலைக்கே திரும்பிவிட்டார்கள். முதலில் வந்த அந்த டிப்பர்க்காரன் மட்டும் ஒருநாள் காலி வண்டியின் அடியில் மிஞ்சிய ஜல்லியை வாசலில் தட்டிவிட்டு, "இது அட்வான்ஸ்" என்று சொல்லிப் போனான்.

மெம்பர் வந்து பார்த்தார். பொதுவழியில் இப்படிக் கொட்டக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தவர், குழி இல்லாத வழியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். கனரக வண்டி போகக்கூடாது என்று பஞ்சாயத்தில் எழுதி வாங்கிப் பலகை வைத்தார். கூம்பாரத்தையும் வழியை விட்டு ஓரமாகத் தள்ளச் சொன்னார், தள்ளினோம். தள்ளிய பிறகும் வண்டிகள் நின்று போட்டுவிட்டுத்தான் போயின. அதுதான் எனக்கு ஆச்சரியம். நான் இல்லாத நேரத்திலும் போட்டார்கள்.

குலை கட்டும்போதெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். டீசலில் வரி வாங்குகிறார்கள், சரி; ஓடுகிறவன் கொடுக்கிறான். டோல் வாங்குகிறார்கள், அதுவும் சரி; அந்தச் சாலையில் போகிறவன் கொடுக்கிறான். ஆனால் டோலுக்குப் பயந்து ஓடுகிறவன் யார் வாசலைக் கிழிக்கிறான் என்று எந்தக் கவுண்டரில் எழுதுகிறார்கள்? மூன்றடி இடமும் அயினி மரமும் கொடுத்தவருக்கு எந்த ஜில்லாவில் பாதிக் காசு? பாரம் ஏற்றுகிறவன் அதிகம் கொடுக்கட்டும், பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சலுகை இருக்கட்டும், வாங்கின காசு அந்தக் குழிக்கே போவது கண்ணால் தெரியட்டும். இவ்வளவுதான் என் கட்சி. சட்டியில் அள்ளிப் போட்டபோது ஒருவனும் நியாயமில்லை என்று சொல்லவில்லை. தான் போட்ட ஜல்லி மேலேயே தன் வண்டி ஏறிப் போவதை அவரவர் பார்த்தார்கள்.

பிக்கப்பை மச்சானிடமிருந்து என் பேருக்கு மாற்றினேன். அலைச்சல் கொஞ்ச நஞ்சமல்ல, நாய்படாத பாடு. இப்போது கேரள நம்பர், டோலில் பாதிக் காசு. பழைய பையனே இருந்தான். "சேட்டன் இப்போ ஹேப்பி அல்லே?" என்றான். "ஹேப்பி ஒண்ணும் இல்ல, ஒங்க சாலையில மூணாவது லைட்டுத் தூணுகிட்ட ஒரு குழி உண்டு, காசு போவுத எடத்துல சொல்லி வையி" என்றேன். சண்டையை நான் விடவில்லை. வழியைத்தான் விட்டேன்.

ஆனாலும் வாரம் மூன்று நாள் அந்த வழியில் போவேன், அக்காவின் வாசல் வரைக்கும். நாலு சட்டி போடுவதற்கு. அப்போது ஆட்டோத் தம்பி வாசல் படிவரை வந்து பின்னால் எடுத்து நிறுத்துவான், பிள்ளையை ஏற்றுவான். அவனும் தன் மூன்று சட்டியைப் போட்டுவிட்டுத்தான் கிளப்புவான். பழைய லிஸ்ட் விஷயத்தைச் சொல்லி நான் அவனைச் சீண்டுவேன். "நீரு மட்டும் அன்னைக்கு வாயத் திறந்தீரா?" என்று அவன் திருப்பிக் கொடுப்பான். சரியான அடி, வாங்கிக்கொள்வேன்.

ஓணத்துக்கு முந்தின வாரம். நான் என் கணக்கைப் போட்டுவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தேன். ஆட்டோ அன்றைய பிசியோதெரபி முடிந்து வந்து நின்றது. பிள்ளை இறங்கினாள். உள்ளே போகாமல் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேரே ஜல்லிக் கூம்பாரத்துக்கு வந்தாள்.

"என்ன மக்கா?" என்றார் அக்கா.

"நானும் இந்த வழியிலதான போறேன்? வாக்கருக்கு முன்னால ரெண்டு டயரு உண்டு, பாரும்மா."

தம்பி சிரித்தான். நான் ஒரு கல்லை எடுத்து அவள் கையில் கொடுக்கக் குனிந்தேன். அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

பிள்ளை வாக்கரில் ஒரு கையை ஊன்றினாள். இடது முட்டு முதலில் மடங்கியது. வலது முட்டு நின்றது. பல்லைக் கடித்தாள். பிறகு பைய, பைய, அதுவும் மடங்கியது. விரல் ஜல்லியைத் தொட்டது. ஒரு கல்லை எடுத்து நிமிர்ந்து, மிச்சமிருந்த சின்னக் குழியில் போட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது; மறைக்கவில்லை.

அக்காவுக்குச் சட்டம் சட்டம்தான்.

"ரெண்டு டயரு இல்லியா மக்கா? இன்னொண்ணு எடு."

அவள் மறுபடியும் குனிந்தாள்.